போட்டோ மாதிரியே இருக்கு, ஆனா அப்பா இல்லை

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பத்து வருஷத்துக்கு மேல பென்சில் போர்ட்ரெய்ட் ஆர்டர் எடுத்து வரைஞ்சு குடுக்கேன். கல்யாணப் பரிசு, அறுபதாம் கல்யாணம், தவறிப்போனவங்க படம்னு மாசம் நாலஞ்சு வந்துரும். எல்லாரும் 'போட்டோ மாதிரியே இருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க. எங்க அப்பா சைக்கிள் கடை வச்சிருந்தாங்க. தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அவங்கள வரையணும்னு உக்காந்தேன். அச்சு அசலா வந்துச்சு. ஆனா பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. அம்மா பாத்துட்டு 'நல்லாருக்குல'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. சின்னப்புள்ளையில செவுத்துல கரியால கிறுக்கையில இருந்த வேகம், கோவம், சந்தோசம் எதுவும் இப்ப கையில வரமாட்டேங்கு. வரையதையே விட்டுரலாமான்னு இருக்கு. என்ன செய்ய?"

விட வேண்டாம், தம்பி. உங்கள் கை கெட்டுப்போகவில்லை, மனசும் மரத்துப்போகவில்லை. பத்து வருஷமாகப் பழகிய முறை எந்த வேலைக்காக ஏற்பட்டதோ, அந்த வேலையை அப்பா படத்திலும் ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆர்டர் படம் எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. பிரிண்ட் எடுத்துக் கட்டம் போடுகிறீர்கள். ஐவரி அட்டையில் அதே கட்டத்தைப் பெரிதாக இழுக்கிறீர்கள். பிறகு கட்டம் கட்டமாக நிரப்புகிறீர்கள். தோலுக்குக் கிராபைட் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, பட்ஸை வைத்து இழைத்து, பென்சில் கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாதபடி மழுப்பி, கடைசியில் கூர்மையான ரப்பரால் தலைமுடியில் வெளிச்சம் இழுக்கிறீர்கள். இதில் ஒவ்வொரு படியும் வரைந்தவன் கையை மறைப்பதற்கென்றே உள்ளது. கட்டத்துக்குள் கண்ணை வைத்திருக்கும்போது நீங்கள் மூக்கைப் பார்ப்பதில்லை. அந்தச் சதுரத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும்தான் பார்க்கிறீர்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது அதுதான் என்பதால் தொழிலில் அது சரி.

கட்டத்தின் மேல் பழியைப் போடவும் முடியாது. பிளக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் எழுதியவர்களும் கட்டம் போட்டுத்தான் முகத்தைப் பெரிதாக்கினார்கள். ஆனால் இருபதடி முகம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும். அதனால் கன்னத்தின் நிழலில் பச்சையை அடித்தார்கள், நெற்றியில் ரோஸ் கலரை ஏற்றினார்கள், வில்லன் தாடைக்குக் கீழே நீலத்தைத் தீட்டினார்கள். எதைக் கூட்டுவது, எதை விட்டுவிடுவது என்று கை நிமிஷத்துக்கு நிமிஷம் முடிவெடுத்துக்கொண்டே இருந்தது. அந்த முடிவெடுக்கிற இடத்தில்தான் வரைகிறவன் படத்துக்குள் வருகிறான். உங்கள் முறையில் அந்த இடம் அடைபட்டிருக்கிறது. முடிவை எல்லாம் கேமரா ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டது.

அந்த முடிவுகளும் யாருடையவை என்று பாருங்கள். எந்தப் போட்டோவை வைத்து அப்பாவை வரைந்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நம்ம ஊர் வழக்கப்படி ஊகித்தால், ரேஷன் கார்டுக்கோ பேங்க் பாஸ்புக்குக்கோ எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் ஏதோ கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு நின்றதை வெட்டி எடுத்ததாக இருக்கும். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்து, முகத்தை முகமாகக் காட்டுகிற நிழலையெல்லாம் துடைத்துவிடும். செல்போனைக் கிட்டத்தில் நீட்டி எடுத்திருந்தால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போயிருக்கும். ஸ்டுடியோக்காரர் "கொஞ்சம் நிமிருங்க, அசையாதீங்க" என்று சொன்ன ஒரு நொடி அது. உங்கள் அப்பா வாழ்நாளில் அப்படி எத்தனை தரம் உட்கார்ந்திருப்பார்? நீங்கள் அறிந்தவர் அவர் இல்லை. அறியாத ஒருவரை அச்சு அசலாக வரைந்துவிட்டு ஒன்றும் தோன்றவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். தோன்றாததுதான் இயல்பு.

அதனால் நான் முதலில் சொல்வது, முகத்தைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள் என்பதுதான்.

இப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த கேத்தே கொல்விட்ஸ் என்ற ஓவியர். கரியிலும் அச்சிலும் ஏழைகளையும் தாய்மார்களையும் வரைந்து பேர் வாங்கியவர். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் வருஷம் அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் பெல்ஜியத்தில் சண்டையில் இறந்துபோனான். பதினெட்டு வயசு. பட்டாளத்தில் சேர அப்பா சம்மதிக்க மறுத்தபோது, மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தது இந்த அம்மாதான். மகனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்யத் தொடங்கினார். மகன் உடல் நீட்டிக் கிடக்க, தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா என்று முதலில் நினைத்தார். வரவில்லை. இடையில் அந்த வேலையையே நிறுத்தினார், வேறு வேலைகள் செய்தார், திரும்ப எடுத்தார். 1932-இல்தான் அது கல்லறையில் வைக்கப்பட்டது. முடிந்த சிற்பத்தில் மகன் இல்லை. தனித்தனிப் பீடத்தில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். அப்பா முதுகை நிமிர்த்திக் கைகளை மார்போடு கட்டி இறுக்கிக்கொண்டிருக்கிறார். அம்மா குனிந்து தனக்குள் சுருங்கியிருக்கிறாள். இருவர் நடுவிலும் வெற்று இடம். மகனின் முகம் எங்கேயும் கிடையாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் என்பது ஒரு காலமே இல்லை. அடுத்தது, யாருக்காக வரைகிறோமோ அவருடைய முகம் அந்தப் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

சரி, முகம் இல்லாமல் அப்பாவை எப்படி வரைவது? உங்களுக்கு அது ரொம்பச் சுலபம், ஏனென்றால் அவர் சைக்கிள் கடைக்காரர். பஞ்சர் ஒட்டுகிற ஒருவர் எப்படி உட்காருவார் என்று நினைத்துப் பாருங்கள். குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு முட்டிக்கு நடுவில் பழைய இரும்புச் சட்டி, அதில் கலங்கிய தண்ணீர். காற்று அடித்த டியூபை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவார். குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிற அந்த நேரம் கழுத்து ஒரு மாதிரி சாய்ந்திருக்கும், மூச்சுகூட நின்றிருக்கும். குமிழி வந்ததும் கட்டை விரல் அந்த இடத்தை அமுக்கிக்கொள்ளும், மறு கை பின்பக்கம் திரும்பாமலே உப்புத்தாளைத் தேடும். இதை நான் எந்தக் கடையிலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு உங்கள் அப்பாவின் சாய்வு தெரியும். சாரத்தை எப்படி மடித்துச் செருகியிருப்பார், எந்தத் தோள் இறங்கியிருக்கும், எழும்பும்போது எந்த முட்டியில் கையை ஊன்றுவார் என்பதெல்லாம் உங்கள் உடம்பில் இருக்கிறது. அதற்கு எந்த போட்டோவும் கிடையாது. கட்டம் போடவும் முடியாது. கை தானாகத்தான் முடிவெடுத்தாக வேண்டும்.

இதை நினைவிலிருந்து மட்டும் வரையுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் லெகாக் டி புவாபோத்ரான் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பார்த்துவிட்டு வந்து, பார்க்காமல் வரைகிற பயிற்சியை மாணவர்களுக்கு முறையாகவே கொடுத்தவர். சிற்பி ரோதான் அவரிடம் படித்தவர். நினைவு எதை வைத்துக்கொள்கிறதோ அது நமக்கு முக்கியமானது, மறந்தது முக்கியமில்லாதது. அந்த வேலையை மனசு நமக்காக ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. சைக்கிளின் ஃபோர்க் எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். ஒரே ஒரு வளைவு நினைவில் இருந்தால் அந்த வளைவை மட்டும் போடுங்கள்.

முதல் சில வாரம் அசிங்கமாக வரும். ஆர்டர் படத்துக்குப் பழகிய கண் அதைப் பார்த்துக் கூசும். உடனே ரப்பரைத் தேடும். அதனால் ரப்பரை எடுத்து வேறு அறையில் வையுங்கள். பென்சிலையும்தான். உங்களுக்கு 2பி, 4பி, 6பி எல்லாம் விரல் நுனியில் தெரியும். தெரிந்ததாலேயே அவை உங்களைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கரிக்கு மாறுங்கள். நீங்களே கேள்வியில் செவுத்துக் கரியைத்தானே சொல்லியிருக்கிறீர்கள். கடையில் சார்கோல் குச்சி கிடைக்கும், ஆனால் வீட்டிலேயே செய்யலாம், அதில் ஒரு ருசி இருக்கிறது. பென்சில் கனமுள்ள காய்ந்த குச்சிகள், வேலியில் நிற்கும் நொச்சி எனக்குப் பிடித்தது, பட்டையை உரித்துவிட்டு ஒரு தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியை இறுக்கி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, விறகடுப்புத் தணலில் வைத்துவிடுங்கள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் டப்பாவை வெளியே எடுத்து, முழுக்க ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரியெல்லாம் சாம்பலாகிவிடும். ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் குச்சி கணீரென்று சத்தம் கொடுக்கும்.

இந்தக் கரியை வைத்து உங்களால் கண்ணிமை முடியை வரையவே முடியாது. அதற்குத்தான் சொல்கிறேன். அமுக்கினால் கறுப்பு, தளர்த்தினால் சாம்பல், வேகமாக இழுத்தால் ஒடியும். அமுக்கமும் வேகமும் அப்படியே தாளில் பதியும். தாளும் விலை கூடியது வேண்டாம். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், பிரவுன் பேப்பர் போதும், பெரிதாக இருந்தால் சரி. மேஜையில் வைத்து வரையாமல் தார்சாச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் விரல் மட்டும் அசையும். நின்றால் தோள் அசையும்.

இன்னொரு பயிற்சி இதன் கூடவே. அப்பாவின் சாமான்கள் ஏதாவது வீட்டில் கிடக்கும். காற்றடிக்கிற பம்பு, ஸ்பேனர், அவர் போட்ட செருப்பு. செருப்பை எடுத்துக்கொள்வோம். எதிரே வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், கண் செருப்பின் விளிம்பில் எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர, கையும் அதே வேகத்தில் தாளில் நகரட்டும். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பெருவிரல் பதிந்த பள்ளம் எவ்வளவு ஆழம், வாரைத் தைத்த நூல் வேறு நிறமா என்பதையெல்லாம் கண் அப்போதுதான் பார்க்கும். தாளில் வந்திருப்பது செருப்பு மாதிரியே இருக்காது. கோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆனால் ஒவ்வொரு கோடும் நீங்கள் உண்மையிலேயே பார்த்த ஒன்று. உலகத்தில் பல கலைப் பள்ளிகளில் முதல் வருஷத்திலேயே கொடுக்கிற பயிற்சிதான் இது, புதிதல்ல.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் ஒரு நாள் கிருஷ்ணாபுரம் போய்வாருங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பாளையங்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம். வெங்கடாசலபதி கோவில், நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். தூணோடு தூணாக ஒரே கல்லில் ஆளுயரத்துக்கும் மேலே செதுக்கியவை. எல்லோரும் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்டுவிட்டுச் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற சிற்பத்துக்கு எதிரே உட்காருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். ஒரு ஆளின் எடை தோளில் ஏறினால் இடுப்பு எந்தப் பக்கம் போகிறது, விலா எப்படி விரிகிறது, எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்று கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அந்தச் சிற்பத்தில் பதற்றம் முழுக்கத் தொடையிலும் பாதத்திலும் இருக்கிறது. ஒரு பால்பாயிண்ட் பேனா, கோடு போடாத நோட்டு, சிற்பம் ஒன்றுக்கு ஒரு நிமிஷம். உருவத்தை வரைய நேரம் இருக்காது. பாரம் எங்கே போகிறது என்பதை மட்டும்தான் பிடிக்க முடியும். கர்ணனையும் வீரபத்திரரையும் அப்படியே வரையுங்கள்.

நம்ம பக்கத்துப் பழைய கைகள் இதை நன்றாக அறிந்திருந்தன. உங்களுக்குப் பக்கத்திலேயே, வீரவநல்லூருக்கு வடக்கே, கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்கு உள்ளே ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம், கூடவே மரச் சிற்பங்கள். மேலே ஏற அனுமதி வேண்டியிருக்கும், கோவிலில் கேட்டுப் பாருங்கள். போர்க்களம் இருக்கிறது, குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆட்கள். அத்தனை பேருக்கும் ஏறத்தாழ ஒரே முகம், ஒரே அகலக் கண். கோபப்படுகிறவனும் கும்பிடுகிறவனும் முகத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள். வித்தியாசமெல்லாம் கழுத்துச் சாய்விலும் விரலிலும் முழங்காலிலும். விஷ்ணு தர்மோத்தர புராணத்தில் தெய்வ உருவங்களைச் செய்வது எப்படி என்று கேட்ட அரசனிடம், முதலில் நாட்டியம் தெரிந்தால்தான் ஓவியம் பிடிபடும் என்று மார்க்கண்டேயர் சொல்வதாக வருகிறது. போர்ட்ரெய்ட் ஆர்டர் எடுக்கிறவர்கள் இதற்கு நேர் எதிரான பழக்கத்தில் இருக்கிறோம். உடம்பு முழுவதையும் வெட்டிப்போட்டுவிட்டு, கழுத்துக்கு மேலே மட்டும் வைத்துக்கொண்டு உணர்ச்சியைத் தேடுகிறோம்.

"ஆர்டர் எடுத்ததால்தான் என் கலை செத்துப்போச்சு" என்ற எண்ணம் உங்களுக்கு உள்ளூர இருப்பது தெரிகிறது. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோவில்பட்டி கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1898-இல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அப்போது கோவில்பட்டி நம்ம திருநெல்வேலி ஜில்லாதான், தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது 1986-இல். அவரும் அவர் சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டராக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. முழுக்க முழுக்க ஆர்டர் வேலை. இந்தக் கம்பெனிக்கு இந்த சாமி, இந்த சைஸ், இந்தத் தேதிக்குள் என்று வந்ததுதான். வருஷம் முடிந்த பிறகும் அந்தத் தாளைக் கிழித்துப்போட மனசு வராமல் சட்டம் போட்டு மாட்டி, பொட்டு வைத்து, விளக்கேற்றியவர்கள் நம்ம ஆச்சிமார்கள். காசுக்கு வரைந்ததால் உணர்ச்சி போயிற்று என்றால் அது எப்படி நடந்திருக்கும்? கொண்டையராஜு கையில் நாடகத் திரைச்சீலையின் பழக்கம் இருந்தது, மேடை வெளிச்சமும் நடிகர் நிற்கிற நிலையும் இருந்தன. அவர் ஒரு போட்டோவை நகல் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. சிக்கல் காசில் இல்லை.

கறுப்பில் ஓரளவு கை தளர்ந்த பிறகு நிறத்துக்குப் போகலாம். அவசரப்பட வேண்டாம். அக்ரிலிக் டியூப் இருபத்து நாலு வாங்கி அடுக்காதீர்கள். இத்தனை நிறத்தை ஒன்றாகப் பார்த்தால் கை திணறும். கோபத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம் என்று பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களையும் தள்ளிவையுங்கள். நம்ம பக்கம் கருப்பந்துறையில் எரிகிற சிதையும் சிவப்பு, கல்யாணக் கூரைப்புடவையும் சிவப்பு.

நம்ம சீமையின் மண்ணிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. திசையன்விளைக்கு அந்தப் பக்கம், குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் ரத்தச் சிவப்பில் மணல். அந்தச் சிவப்பு, மணலின் மேலே படிந்திருக்கிற இரும்பு ஆக்சைடு. ஒரு பையில் கொஞ்சம் மண் எடுத்து வந்து தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி, அரை நிமிஷம் விட்டால் மணல் அடியில் உட்காரும். மேலே நிற்கிற சிவப்புக் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். வண்டல் படிந்ததும் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, காயவைத்து, அரைத்து, கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தால் வாட்டர் கலர். ஒரு சொட்டுத் தேன் விட்டால் காய்ந்தபின் வெடிக்காது. கரிசல் மண்ணையும் இப்படி எடுக்கலாம், ஆனால் அது காயும்போது சுருங்குகிற சாதி, வயல் வெடிக்கிற மாதிரி தாளிலும் வெடிக்கும். பிசினைக் கூட்டி மெல்லிசாகத் தடவ வேண்டும். அந்த வெடிப்பே பிடித்துப்போனால் அப்படியே விடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. சிவப்பு, கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு. இந்த மூன்றை வைத்துச் சைக்கிள் கடையை எழுதிப் பாருங்கள். கிரீஸ் படிந்த தரைக்கும் சாயங்கால வெயிலுக்கும் இது போதும்.

இதற்கு நடுவில் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஏதோ சாதாரணமாக ஸ்பேனர் வரைந்துகொண்டிருக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு வரும். அழுகை வந்தால் அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு, முடிந்தால் அந்தத் தாளையே தொடருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அழுகை வந்ததால் படம் நன்றாக வந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மனசு லேசாவது ஒன்று, படம் நன்றாக அமைவது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம்.

மனசு லேசாவதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரும் கூட இருந்தவர்களும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பேரை 45 நிமிஷம் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படம் என்று இஷ்டப்படி செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தில் ஏறுகிற ஹார்மோன் அது. முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், எதுவும் செய்யாமல் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் உங்கள் பத்து வருஷத் திறமை இந்த விஷயத்தில் உங்களுக்கு எந்தச் சலுகையும் தராது என்பதற்கு அது போதும். இதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் நீங்களும் ஒரே வரிசை.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் கரியும் தாளும் மருந்தாகாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வெட்கமாக இருந்தால் 14416-க்குப் போன் போடலாம். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வரைந்ததை உடனே போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிற பழக்கம் இருக்கும். இந்தப் படங்களுக்கு அது வேண்டாம். உங்களைப் பின்தொடர்கிறவர்கள் எல்லாம் போட்டோ மாதிரி இருப்பதற்காக வந்தவர்கள். "என்ன ப்ரோ, கை வலியா?" என்று ஒருத்தர் கேட்டால் போதும், அன்று ராத்திரியே பஞ்சையும் பட்ஸையும் எடுத்துவிடுவீர்கள். வீட்டில் அம்மா பார்க்கட்டும், தடுக்காதீர்கள். அவர்கள் முதல் படத்தைப் பார்த்து அடுப்படிக்குப் போனதை நீங்கள் மனவருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த வீட்டில் சரியாக விமர்சனம் செய்தது அவர்கள்தான் என்று படுகிறது. கழுத்துச் சாய்வு தப்பாக இருந்தால் சொல்லிவிடுவார்கள். "உங்க அப்பா இப்படி உக்காரமாட்டாங்க, இடது காலத்தான் முன்ன வைப்பாங்க" என்று ஒரு வார்த்தை வந்தால், நான் இவ்வளவு எழுதியதைவிட அது பிரயோஜனப்படும்.

ஆர்டரை நிறுத்தவும் வேண்டாம். அது சோறு போடுகிறது. ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஆர்டர்க்காரர்களில் பெரும்பாலோர் கண்ணில் தொடங்குகிறார்கள், கண் உயிரோட்டமாக வந்துவிட்டால் வாடிக்கையாளர் திருப்தி ஆகிவிடுவார் என்று. நம்ம சாமி சிலை செய்கிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சுடலைமாடனுக்கு வர்ணம் பூசும்போதும் மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் கண் திறப்பார்கள். நீங்களும் அடுத்த ஆர்டரில் தலையின் சாய்விலும் தோளிலும் தொடங்கி, கண்ணைக் கடைசிக்கு வையுங்கள். படம் எடுத்து வருகிறவரிடம், "இவங்க எப்படி உக்காருவாங்க, எப்படி நடப்பாங்க, கையை எங்க வச்சிருப்பாங்க?" என்று ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு வரையத் தொடங்குங்கள். கட்டணம் அதேதான், வேலை நேரமும் பெரிதாக அதிகமாகாது.

கரிப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் உரசி அழிந்துவிடும். ஆடை நீக்கிய பாலில் பாதி தண்ணீர் கலந்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, ஒரு கை தூரத்திலிருந்து லேசாக இரண்டு தடவை அடித்துக் காயவைத்தால் கரி பிடித்துக்கொள்ளும். வான்கோகூடத் தன் கோட்டுப் படங்களுக்குப் பாலைத்தான் தெளித்திருக்கிறார். நடுவில் செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பட்டர் பேப்பர் வையுங்கள். தேதியைப் பின்பக்கம் எழுதிப் போடுங்கள். அடுத்த ஆடி வரைக்கும் சேரட்டும், அதன் பிறகு மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு நாள் பாளையங்கோட்டைப் பக்கம் வாருங்கள், தரையில் பரப்பி வைத்துப் பார்ப்போம்.